சிறு பதிப்பகமும் எழுதப்படாத விதிகளும்: ஹோகார்த் அச்சகம் பற்றிய நினைவுநூல்கள்

1. முன்னுரை

பதிப்புத்தொழில் பற்றிய நினைவுநூல்கள் பெரும்பாலும் இலக்கிய வரலாற்றுக்குரிய துணைச்சான்றுகளாகவே பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. எந்த நூல் எந்த ஆண்டில் வெளிவந்தது, எத்தனை படிகள் அச்சாயின, எந்த எழுத்தாளர் எவருடன் முரண்பட்டார் என்பன போன்ற செய்திகள் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எஞ்சியவை சுவையான துணுக்குகள் என ஒதுக்கப்படுகின்றன. பதிப்பகத்தில் வேலை செய்தவர் தம் வேலையை எந்த மொழியமைப்பில் எடுத்துரைக்கிறார், எந்த வினைக்கு எவரை எழுவாய் ஆக்குகிறார், எந்தத் தவற்றை யார்மேல் ஏற்றுகிறார் என்னும் வினாக்கள் மொழியியல் நோக்கில் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

சிறிய பதிப்பகங்களில் இவ்வினாக்கள் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. பெரிய நிறுவனத்தில் பணிப்பகுப்பு உண்டு, கோப்பு உண்டு, தவறு எந்த மேசையில் நேர்ந்தது என்பதைக் கண்டறிய வழியுண்டு. சிறிய பதிப்பகத்தில் கையெழுத்துப்படியைப் படிப்பவரும், மெய்ப்புத் திருத்துபவரும், பொட்டலம் கட்டுபவரும், கடைகளுக்குச் சென்று விற்பவரும் ஒருவராகவே இருத்தல் கூடும். அங்கு நடந்தவற்றுக்குப் பெரும்பாலும் நினைவே ஆவணம். ஆதலால் அந்நினைவு எழுதப்பட்ட மொழியை ஆராய்வது, வேலையின் தன்மையையே ஆராய்வதாகும்.

இலண்டனில் லெனர்ட் வுல்ஃபும் வர்ஜீனியா வுல்ஃபும் 1917ஆம் ஆண்டில் தொடங்கிய ஹோகார்த் அச்சகம் இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும். ஒரே பதிப்பகத்தை அதன் உரிமையாளர், கடைநிலை ஊழியர், மேலாளராய் இருந்து பின்னர்ப் பங்காளர் ஆனவர் ஆகிய மூவரும் தனித்தனியே எழுதியுள்ளனர். லெனர்ட் வுல்ஃபின் தன்வரலாற்றுத் தொகுதிகளான 'பிகினிங் எகெய்ன்' (1964), 'டவுன்ஹில் ஆல் த வே' (1967) ஆகியன முதல் தரப்பு. ரிச்சர்ட் கென்னடியின் 'எ பாய் அட் த ஹோகார்த் பிரஸ்' (1972) இரண்டாம் தரப்பு. ஜான் லேமனின் 'த்ரோன் டு த வுல்ஃப்ஸ்' (1978) மூன்றாம் தரப்பு. லெனர்ட் வுல்ஃப் 1969இல் மறைந்தார். எனவே ஊழியர் நூலும் பங்காளர் நூலும் உரிமையாளர் மறுமொழி கூற இயலாத காலத்தில் வெளிவந்தவை என்பது படிப்போர் நினைவில் இருத்த வேண்டிய செய்தியாகும்.

2. அச்சகத்தின் தோற்றம்

தொடக்கத்தில் ஹோகார்த் அச்சகம் ஒரு தொழில் நிறுவனமாகத் திட்டமிடப்படவில்லை. 1917 மார்ச்சில் ஃபாரிங்டன் தெருவிலிருந்த ஒரு கடையில் சிறிய கைப்பொறியும், எழுத்துகளும், பிற கருவிகளும் வாங்கப்பட்டன. விலை 19 பவுனுக்குச் சற்று மேல். அச்சுப்பள்ளியில் சேர்ந்து கற்க முயன்றபோது, அது தொழிற்சங்கப் பயிலுநர்களுக்கு மட்டுமே உரியது என்பதால் இடம் கிடைக்கவில்லை. பொறியுடன் வந்த 16 பக்கச் சிற்றேடு ஒன்றே ஆசிரியராயிற்று. ரிச்மண்டில் இருந்த ஹோகார்த் இல்லத்தின் உணவறையில் பொறி நிறுவப்பட்டது. வர்ஜீனியா எழுத்துக் கோத்தார். லெனர்ட் பொறியை இயக்கினார்.

அவ்வாண்டு ஜூலையில் இருவர் கதைகளும் அடங்கிய 'டூ ஸ்டோரீஸ்' வெளிவந்தது. ஏறத்தாழ 150 படிகள் அச்சாயின. 1918இல் கேத்தரின் மான்ஸ்ஃபீல்டின் 'பிரெலூட்', 1919இல் வர்ஜீனியாவின் 'கியூ கார்டன்ஸ்', 1923இல் டி. எஸ். எலியட்டின் 'த வேஸ்ட் லேண்ட்' ஆகியன கையால் கோக்கப்பட்டு வந்தன. 'கியூ கார்டன்ஸ்' நூலுக்கு டைம்ஸ் இலக்கிய இதழில் நல்ல மதிப்புரை வெளிவந்ததும் நாட்டுப்புற வீட்டிலிருந்து திரும்பிய இருவரும் கதவுக்குப் பின்னால் கேட்பு மடல்கள் குவிந்து கிடக்கக் கண்டனர். தாங்களே அச்சிட்டுத் தீர்க்க இயலாத நிலையில், இரண்டாம் பதிப்பு வெளி அச்சகம் ஒன்றில் அடிக்கப்பட்டது. பொழுதுபோக்காகத் தொடங்கியது தொழிலாக மாறிய கட்டம் அது. 1924இல் அச்சகம் டாவிஸ்டாக் சதுக்கத்தின் 52ஆம் எண் வீட்டு அடித்தளத்துக்குச் சென்றது. அங்கே புத்தகக் கட்டுகள் அடுக்கப்பட்ட பின்னறையே வர்ஜீனியாவின் எழுத்தறையாகவும் இருந்தது.

வீடும் அலுவலகமும் பிரியாத இவ்வமைப்பு மூன்று தரப்பு நூல்களிலும் பேசப்படுகிறது. ஆனால் மூவரும் அதை ஒரே சொல்லால் குறிக்கவில்லை; ஒரே இலக்கணத்தாலும் குறிக்கவில்லை.

3. தலைப்புகளின் இலக்கணம்

நூல்களின் தலைப்புகளே இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றன. லெனர்டின் தலைப்புகள் 'மீண்டும் தொடங்குதல்', 'வழியெல்லாம் இறக்கம்' என்னும் பொருளின. இரண்டிலும் செய்வோர் இல்லை. ஒன்று தொழிற்பெயர், மற்றொன்று திசையும் இடமும் சுட்டும் தொடர். வாழ்க்கை நிகழ்கிறது; அதை நிகழ்த்துபவர் தலைப்பில் தோன்றுவதில்லை.

கென்னடியின் தலைப்பு ஆங்கிலத்தின் குறிப்பிலாச் சுட்டுடன் தொடங்குகிறது. அவர் அச்சகத்தின் 'அந்த' இளைஞர் அல்லர், 'ஒரு' இளைஞர். அவருக்கு முன்னும் பின்னும் வேறு இளைஞர்கள் உண்டு என்பது அச்சிறு சொல்லில் அடங்கியுள்ளது. தமிழில் இதனை 'ஹோகார்த் பிரஸ்ஸில் ஒரு பையன்' என்று தருவது பொருந்தும். 'சிறுவன்' என்னும் சொல் வயதை மட்டும் குறிக்கும். 'பையன்' என்பதோ 'கடைப் பையன்', 'ஆபீஸ் பையன்' என்னும் வழக்குகளால் வயதையும் பதவியையும் ஒருசேரக் குறிக்கும். ஆங்கில மூலத்திலும் அச்சொல் இவ்விரண்டையும் குறிப்பதால், இங்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இழப்பு ஏதும் இல்லை.

லேமனின் தலைப்பில் இழப்பு தவிர்க்க இயலாதது. ஆங்கிலத்தில் ஒருவரை ஓநாய்களிடம் எறிந்துவிடுவது என்பது கைவிட்டுவிடுவதைக் குறிக்கும் மரபுத்தொடர். ஓநாயைக் குறிக்கும் சொல்லும் வுல்ஃப் என்னும் குடும்பப் பெயரும் ஒலியால் ஒன்றுபடுவதில் சிலேடை பிறக்கிறது. இச்சிலேடை தமிழில் நிற்காது. எனினும் சிலேடையைவிட அத்தொடரின் வினைவடிவம் கவனத்துக்குரியது. அது செயப்பாட்டு எச்சம். எறிந்தவர் யார் என்பது கூறப்படவில்லை. ஊழியர் தாமே விரும்பிச் சேர்ந்த வேலையைப் பின்னாளில் எறியப்பட்டதாகக் கூறும்போது, விருப்பம் இலக்கணத்திலிருந்து நீக்கப்படுகிறது. நகைச்சுவையாகச் சொல்லப்பட்டதாயினும், நினைவின் சாய்வை அது வெளிப்படுத்துகிறது.

4. உரிமையாளரின் தன்மைப் பன்மை

லெனர்ட் வுல்ஃபின் எடுத்துரைப்பில் அச்சகத்தின் தொடக்ககால வினைகளுக்கெல்லாம் தன்மைப் பன்மையே எழுவாய். பொறியை வாங்கியது, கற்றது, அச்சிட்டது, விற்றது யாவும் அப்பன்மையின் செயல்கள். அதில் அடங்குவோர் இருவரே: கணவரும் மனைவியும். 1920 முதல் ஒருவர்பின் ஒருவராக வந்த உதவியாளர்கள் அப்பன்மைக்குள் நுழைவதில்லை. அவர்கள் படர்க்கையில் வருகின்றனர், படர்க்கையிலேயே விடைபெறுகின்றனர்.

ஆங்கிலம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். கேட்போரை உளப்படுத்தும் பன்மைக்கும் உளப்படுத்தாப் பன்மைக்கும் அம்மொழியில் ஒரே சொல்லே உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோர் இடத்திலும் 'நாம்', 'நாங்கள்' என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். படிப்போரை நோக்கிய எடுத்துரைப்பில் 'நாங்கள்' என்பதே பெரும்பாலும் பொருந்தும். சிக்கல் எழுவது, உரிமையாளர் தம் ஊழியரிடம் பேசும் உரையாடல்களை மொழிபெயர்க்கும்போதுதான். 'அடுத்த மாதம் நாம் இந்நூலை வெளியிடுகிறோம்' என்பதும் 'நாங்கள் வெளியிடுகிறோம்' என்பதும் ஒரே ஆங்கிலத் தொடரின் இரு பெயர்ப்புகளாகலாம். முன்னது ஊழியரைப் பங்காளி ஆக்குகிறது. பின்னது கூலியாள் ஆக்குகிறது. சிறு பதிப்பகத்தில் வேலை செய்வோர் அனைவரும் ஒருவகையில் எதிர்கொள்ளும் வினாவும் இதுவே: அந்தப் பன்மையில் தாம் உள்ளடங்குகிறோமா, இல்லையா? குறைந்த ஊதியத்துக்கு உடன்படச் சொல்லும்போது 'நாம்' வருகிறது. முடிவெடுக்கும்போது 'நாங்கள்' வருகிறது. ஆங்கிலம் பேசும் ஊழியர் இதனைச் சூழலால் உய்த்துணர வேண்டும். தமிழில் அது சொல்லிலேயே வெளிப்பட்டுவிடும்.

லெனர்ட் இவ்வேறுபாட்டை அறியாதவராக இருந்திருக்க இயலாது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. 1904 முதல் 1911 வரை இலங்கையில் குடியியல் பணியாற்றிய அவர் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கியவர். பணியின் பொருட்டுத் தமிழும் சிங்களமும் கற்றவர். 1921இல் ஹோகார்த் அச்சகம் வெளியிட்ட அவருடைய 'ஸ்டோரீஸ் ஆஃப் த ஈஸ்ட்' தொகுப்பில் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட கதையும் உண்டு. தமிழ் கற்ற ஒருவரின் அச்சகம் பற்றிய நூலைத் தமிழில் பெயர்க்கும்போது, அவருடைய ஆங்கிலப் பன்மையை எங்ஙனம் பிரிப்பது என்பது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று.

லெனர்டின் எடுத்துரைப்பின் மற்றொரு கூறு கணக்கு. அச்சகத்தின் ஆண்டு இலாபங்களைப் பவுன், ஷில்லிங், பென்ஸ் வரை அவர் பட்டியலிடுகிறார். உரைநடை நின்று எண்கள் பேசத் தொடங்கும் இப்பகுதிகள், அச்சகம் ஒழுங்கற்றது என்னும் பிற்காலக் கூற்றுக்கு எதிரான சான்றாக அமைகின்றன. அடித்தளத்தில் கட்டுகள் சிதறிக் கிடந்திருக்கலாம், பேரேடு சிதறவில்லை.

5. பையனின் நிகழ்காலம்

1910இல் பிறந்த கென்னடி, பள்ளியை விட்ட இளைஞராக 1920களின் பிற்பகுதியில் அச்சகத்தில் சேர்ந்தார். பின்னாளில் நூல் ஓவியராகப் பெயர்பெற்ற அவர், தாமே வரைந்த கோட்டோவியங்களுடன் இந்நூலை வெளியிட்டபோது அறுபது வயதைக் கடந்திருந்தார். அதனை முதலில் வெளியிட்ட விட்டிங்டன் பிரஸ்ஸும் கைப்பொறியால் நூல் அச்சிடும் ஒரு சிறு அச்சகமே. அதன் முதல் நூலும் இதுவே.

நூலின் எடுத்துரைப்பு நிகழ்காலத்தில் அமைந்துள்ளது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய செய்திகள், அன்றன்று எழுதிய நாட்குறிப்புப்போல் தரப்படுகின்றன. இதனைப் புனைவு உத்தி எனக் கொண்டு குறை கூறுவதும், உண்மைத்தன்மைக்குச் சான்று எனக் கொண்டு பாராட்டுவதும் ஒருசேரப் பிழையாகும். நிகழ்காலத்தின் பயன் வேறு. இறந்தகாலத்தில் எழுதும் முதியவர் விளைவை அறிந்தவர். நிகழ்காலத்தில் பேசும் பையன் அறியாதவன். தாளைக் கேட்டனுப்பும்போது அதன் அளவு தவறு என்பது அவனுக்குத் தெரியாது. தான் அடித்த அலமாரிப் பலகை விழப்போகிறது என்பதும் தெரியாது. படிப்போரும் அவனோடு அறியாமையில் நிற்கின்றனர். திட்டு விழும்போது அவனோடு திகைக்கின்றனர்.

தமிழ் நாட்குறிப்பு மரபில் இறந்தகாலமே இயல்பு. 'இன்று கடைக்குச் சென்றேன். அவர் கோபித்தார்' என்றே எழுதுவர். ஆகவே இயல்பான தமிழ்நடை கருதி நிகழ்காலத்தை இறந்தகாலமாக மாற்றும் விருப்பம் மொழிபெயர்ப்பாளருக்கு எழும். அவ்வாறு மாற்றினால் நடை சீராகும்; பையன் முதியவராகிவிடுவான். மூலத்தின் நிகழ்காலம் நடை அன்று. அது அறிவின் எல்லையைக் காட்டும் இலக்கணக் கருவி. அதனைக் காக்க வேண்டுமாயின், '-கிறு' இடைநிலை தொடர்ந்து வருவதால் ஏற்படும் சலிப்பைப் பெயர்த்தொடர்களாலும் வினைமுற்று இல்லாத குறிப்புத் தொடர்களாலும் தவிர்க்கலாம். நாட்குறிப்பில் அத்தகைய குறிப்புத் தொடர்களுக்குத் தமிழ் இடம் தருகிறது.

விளிப்பெயர்களும் கருதத்தக்கவை. உரிமையாளரை அவருடைய பெயரின் முதலெழுத்துகளாலும், அவர் மனைவியை 'மிஸஸ் டபிள்யூ' எனவும் கென்னடி குறிக்கிறார். 'முதலாளி', 'ஐயா' எனத் தமிழில் மாற்றினால் அலுவலகச் சூழல் தெளிவாகும். ஆயினும் மூலத்தில் இல்லாத பணிவு புகுந்துவிடும். தமிழ் எழுத்துலகில் க.நா.சு., தி.ஜா., சு.ரா. என முதலெழுத்துகளால் வழங்குவது மதிப்பும் நெருக்கமும் கலந்த மரபு. 'எல்.டபிள்யூ.' என்றே இருத்தி, வினைமுற்றில் '-ஆர்' விகுதி தந்தால் மூலத்தின் சமநிலை பெரிதும் காக்கப்படும்.

நூல் சிரிப்பூட்டுவது. பயன்பட்டுத் தீர்ந்த மெய்ப்புத்தாள்கள் கழிவறையில் தொங்குவது முதலான காட்சிகள் பலரால் மேற்கோளாகக் காட்டப்பட்டவை. ஆனால் சிரிப்பின் அடியில் ஒரு கணக்கு உண்டு. வர்ஜீனியாவின் நூல்களைச் சீரான அமைப்பில் மறுபதிப்பாக வெளியிடும் வரிசை 1929இல் தொடங்கியது. அதற்கான தாளின் அளவில் பையன் பிழை செய்தான். தாள் வாங்குதல் சிறு பதிப்பகத்தின் மிகப் பெரிய செலவுகளுள் ஒன்று. அப்பொறுப்பு மிகக் குறைந்த அனுபவமுடைய ஊழியரின் கையில் இருந்தது. தவறு பையனுடையது என்பதில் ஐயம் இல்லை. அவ்வேலையை அவனிடம் தந்த தீர்மானம் எவருடையது என்னும் வினாவோ, நிகழ்காலத்தில் பேசும் பையனால் கேட்க இயலாதது. நூலை முடிக்கும் படிப்போரே அதனைக் கேட்க வேண்டியுள்ளது.

6. பங்காளரின் வழக்குரை

லேமன் 1931 ஜனவரியில் மேலாளராகச் சேர்ந்தார், 1932இல் விலகினார், 1938இல் வர்ஜீனியாவின் பங்கை வாங்கிப் பங்காளராகத் திரும்பினார், 1946இல் பங்குறவு முறிந்தது. அவருடைய பங்கு சாட்டோ அண்ட் விண்டஸ் நிறுவனத்துக்குச் சென்றது. முதலில் சேர்ந்தபோது அவர் கவிஞர். அவருடைய முதல் கவிதைத் தொகுதியை 1931இல் வெளியிட்டதும் இதே அச்சகமே. தன் நூலை வெளியிடும் நிறுவனத்திலேயே பொட்டலக் கணக்கையும் பார்ப்பவர் எந்த நிலையில் நின்று பேசுவார்? ஆசிரியராகவா, ஊழியராகவா?

லேமனின் நூல் இவ்விருநிலைக்கும் இடையே அசைகிறது. உரிமையாளர் எல்லாச் சிறு செய்தியிலும் தலையிட்டார் என்னும் குறை அதில் மீண்டும் மீண்டும் வருகிறது. கடிதங்களும் நாட்களும் சான்றாக வைக்கப்படுகின்றன. கென்னடியின் நூல் நகைச்சுவையால் பெறும் நம்பகத்தன்மையை லேமன் ஆவணத்தால் பெற முயல்கிறார். இதனால் அவர் நூலில் வேலையின் அன்றாடம் குறைந்து, வழக்கின் வாதம் மிகுகிறது. எந்த நூல் அச்சகத்தை மேலும் தெளிவாகக் காட்டுகிறது என்றால், குறைவாக வாதிடும் கென்னடியின் நூலே எனல் தகும். எனினும் ஒரு செய்தியில் லேமனுக்கே முதன்மை தர வேண்டும்: அதிகாரம் பகிரப்படும் என்னும் உறுதிமொழியும் அது பகிரப்படாமையும் ஒரு சிறு நிறுவனத்தை எவ்வாறு அரிக்கும் என்பதைக் கூறத் தகுந்த பதவியில் இருந்தவர் அவரே.

7. எழுதப்படாத விதி

இந்நூல்களை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, 'ஒழுங்கின்மை' என்னும் சொல்லையே மீளாய்வு செய்ய வேண்டியுள்ளது. அச்சகத்தில் விதிகள் இல்லாமல் இல்லை. நேரம் தவறக்கூடாது, காசு வீணாகக்கூடாது, தாள் இந்த அளவில் இருக்க வேண்டும், மடல் இன்ன முறையில் எழுதப்பட வேண்டும். இவையனைத்தும் உண்டு. ஆனால் அவை ஒருவரின் மனத்தில் மட்டுமே இருந்தன. ஊழியர் விதியை மீறிய பின்னரே விதி உண்டு என்பதை அறிந்தார்.

மொழியியலாளருக்கு இது பழகிய நிலை. தாய்மொழியாளர் தம் மொழியின் விதிகளை முழுமையாக அறிந்தவர். அவற்றை எடுத்துரைக்க இயலாதவர். எது வழு என்பதை அவர் உடனே கூறுவார். ஏன் வழு என்பதைக் கூறார். குழந்தை மொழியைக் கற்கும்போது அதற்குப் பேரளவிலான நேர்ச்சான்று கிடைக்கிறது. திருத்தத்தை மட்டும் நம்பி அது கற்பதில்லை. சிறு பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்தவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவருக்கு நேர்ச்சான்று சிறிதளவே கிடைக்கிறது. எதிர்ச்சான்று திட்டு வடிவில் மிகுதியாகக் கிடைக்கிறது. அவ்வாறு கற்ற இலக்கணம் அச்சத்தின் இலக்கணமாகவே அமையும். ஊழியர் ஒருவர்பின் ஒருவராக விலகியதற்கு மனப்போக்குகளை மட்டும் காரணம் காட்டுவது போதாது. ஒவ்வொரு விலகலின்போதும் அவர் திட்டு வாங்கிக் கற்ற விதிகளும் அவருடனேயே வெளியேறின. அடுத்தவர் முதலிலிருந்து தொடங்கினார்.

எழுதப்படாத விதியின் தடம் அச்சுப்படியிலும் உண்டு. 'பிரெலூட்' நூலின் சில பக்கங்களில் மேற்தலைப்பு, நூற்பெயரில் இல்லாத சுட்டிடைச்சொல்லுடன் அச்சாகியுள்ளது. 'த வேஸ்ட் லேண்ட்' நூலின் ஹோகார்த் பதிப்பில், கூட்டம் பாலத்தின் மேலே செல்வதைக் குறிக்க வேண்டிய உருபிடைச்சொல்லுக்கு மாறாக, கீழே என்னும் பொருளுடைய சொல் கோக்கப்பட்டுவிட்டது. எலியட் அன்பளிப்பாகத் தந்த சில படிகளில் இதனைத் தம் பேனாவால் திருத்தினார். எழுத்துகளின் இருப்புக் குறைவாக உள்ள சிற்றச்சகத்தில், அச்சடித்த பக்கத்தின் எழுத்துகளைப் பிரித்துக் கேஸில் போட்டால்தான் அடுத்த பக்கங்களைக் கோக்க இயலும். பிரித்தபின் பழைய பக்கத்துக்குத் திரும்ப வழியில்லை. ஆகவே மெய்ப்பை இன்னார், இன்ன கட்டத்தில், இத்தனை முறை பார்க்க வேண்டும் என்னும் விதி பெரிய அச்சகத்தைவிடச் சிற்றச்சகத்துக்கே கூடுதலாகத் தேவை. நடைமுறையில் அவ்விதி இல்லாமல் போவதும் அங்கேதான்.

8. மொழிபெயர்ப்பின் உழைப்பு

ஹோகார்த் அச்சகத்தின் வரலாற்றில் மொழிபெயர்ப்பாளர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. டால்ஸ்டாய் பற்றிய கார்க்கியின் நினைவுக்குறிப்புகள் 1920இல் எஸ். எஸ். கோட்டெலியான்ஸ்கி, லெனர்ட் வுல்ஃப் இருவர் பெயரிலும் வெளிவந்தன. ரஷ்ய மொழியறிந்த கோட்டெலியான்ஸ்கி வரிகளுக்கிடையே இடம் விட்டு, தமக்கே உரிய ஆங்கிலத்தில் முதற்படி எழுதுவார். லெனர்ட் அவ்விடத்தில் அதனைச் செவ்விய ஆங்கிலமாக மாற்றுவார். ஐயம் எழும் இடங்களில் இருவரும் அமர்ந்து பேசித் தீர்ப்பர். இம்முறையை லெனர்டே விவரித்துள்ளார்.

அச்சகத்தின் பிற வேலைகளோடு ஒப்பிடும்போது இம்முறையின் சிறப்புப் புலனாகிறது. இங்கே ஒவ்வொரு மாற்றமும் தாளில் தெரிகிறது. முதற்படி அழிக்கப்படுவதில்லை; திருத்தம் அதற்கு மேல் நிற்கிறது. மாற்றம் குறித்து முதற்படியாளர் கேள்வி எழுப்பலாம். இருவர் பெயரும் தலைப்புப் பக்கத்தில் இடம்பெறுகின்றன. ஒழுங்கற்றது எனப் பெயர்பெற்ற ஒரு சிறு பதிப்பகமே, மொழிபெயர்ப்பில் மட்டும் மிக ஒழுங்கான செயன்முறையைக் கைக்கொண்டது. காரணம் வெளிப்படை: அங்கே உரிமையாளர் மற்றவரின் அறிவைச் சார்ந்திருந்தார். ரஷ்ய மொழியின் நுட்பத்துக்கு அவர் கோட்டெலியான்ஸ்கியிடமே திரும்ப வேண்டியிருந்தது. விதி ஒருவர் மனத்தில் மட்டும் இருக்க இயலாத நிலையில், அது தாளுக்கு வந்தது.

இந்திய மொழிகளின் சிறு பதிப்பகங்களுக்கு மொழிபெயர்த்துத் தருவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். கையெழுத்துப்படி சென்றபின் ஒற்று மிகுதல், பெயர்களின் எழுத்துப்பெயர்ப்பு, கலைச்சொல் ஆகியவற்றில் மாற்றங்கள் நேர்கின்றன. ஒரே ஊர்ப்பெயர் முதல் இயலில் ஒரு வடிவிலும் ஏழாம் இயலில் வேறு வடிவிலும் அச்சாகிறது. மாற்றியவர் மெய்ப்புத் திருத்துநரா, தட்டச்சு செய்தவரா, பதிப்பாளரா என்பது தெரிவதில்லை. மதிப்புரையில் குறை மொழிபெயர்ப்பாளர் பெயரில் எழுதப்படுகிறது. மெய்ப்புத் திருத்துநரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. எந்த எழுத்துமுறையைப் பின்பற்ற வேண்டும் என எவரும் அவருக்குக் கூறியதில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்னும் கூலியில் அவர் தம் அறிவுக்கு எட்டியவாறு திருத்துகிறார். மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' போன்ற பொதுக் கையேடுகள் இருந்தபோதிலும், இன்ன வடிவத்தைக் கொள்க என ஒரு பதிப்பகம் தனக்கென எழுதிவைக்கும் இரண்டு பக்கக் குறிப்புக்கு அவை மாற்றாகா.

9. முடிவுரை

சிறு பதிப்பகத்தின் குழப்பத்தை இலக்கிய அழகாகக் காணும் போக்கு பரவலாக உள்ளது. அடித்தளம், சுருட்டுப்புகை, கட்டுகளுக்கு நடுவே எழுதும் பெரும் எழுத்தாளர் என்னும் காட்சி, அக்குழப்பத்தை ஆக்கத்தின் விலையாகக் கருதச் செய்கிறது. மேற்கண்ட நூல்களின் மொழி அக்கருத்துக்குத் துணைநிற்கவில்லை. ஹோகார்த் அச்சகத்தின் சாதனைகள் குழப்பத்தால் விளைந்தவை அல்ல. வேறு பதிப்பாளர் ஏற்கத் தயங்கியவற்றை ஏற்ற சுவையறிவாலும், பேரேட்டின் கட்டுப்பாட்டாலும், இருவரின் அயராத உழைப்பாலும் விளைந்தவை. குழப்பத்தின் விலையைத் தந்தவர்கள் வேறு: தாளின் அளவைத் தவறவிட்ட பையன், ஒருவர்பின் ஒருவராக விலகிய மேலாளர்கள், தம் கவிதையைத் தாமே பேனாவால் திருத்திய ஆசிரியர்.

இந்நூல்களைத் தமிழில் பெயர்ப்போர் காக்க வேண்டியவை மூன்று எனலாம். உரிமையாளரின் பன்மையை 'நாம்', 'நாங்கள்' என ஒவ்வோர் இடத்திலும் ஆராய்ந்து பிரித்தல். பையனின் நிகழ்காலத்தைத் தமிழ்நடையின் பெயரால் இறந்தகாலமாக்காமை. பங்காளரின் செயப்பாட்டுவினைகளில் மறைந்துள்ள செய்வோரை மொழிபெயர்ப்பாளர் தாமாக நிரப்பாமை. எழுவாய் விடுபட்ட இடத்தை விடுபட்டதாகவே தருவது, அந்த வழக்கைத் தீர்க்கும் பொறுப்பைப் படிப்போரிடம் விடுவதாகும்.

பதிப்பகங்களைப் பொறுத்தவரை கோட்டெலியான்ஸ்கியின் கையெழுத்துப்படி காட்டும் வழி எளியது. திருத்தம் முதற்படிக்கு மேலே தெரியும்படி நிற்கட்டும். திருத்தியவர் பெயர் ஓரத்தில் இருக்கட்டும். ஐயத்தை இருவரும் பேசித் தீர்க்கட்டும். இதற்குப் பெரும் முதலீடோ பெரிய பணியாளர் குழுவோ தேவையில்லை. வரிகளுக்கிடையே சிறிது இடம் விட்டு எழுதினால் போதும்.